விடியப்புறம் 3 மணி ஃபோன்

கனடா ஸ்காபரோவில விடியப்புறம் 3 மணிக்கு ஃபோன் அடிச்சா அது ஊரில இருந்துதான். அங்க மத்தியானம், பாவம்.

"அண்ணை, எல்எம்ஐஏ, அதான் வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க முதலாளிக்குக் குடுக்கிற அனுமதிக் கடிதம், காசுக்கு எடுக்கலாமாம். நிரந்தர வதிவிடத்துக்குப் புள்ளி பார்க்கிற எக்ஸ்பிரஸ் என்ட்ரியில 50 புள்ளி கூடுமாம்."

வேலைக் கடிதத்துக்கான புள்ளியை 2025 மார்ச் 25ஓட தூக்கியாச்சு தம்பி எண்டன். எல்எம்ஐஏக்கு உரிய 1000 டொலரையும் முதலாளிதான் கட்டவேணும், உம்மட்ட வாங்கவே கூடாது. பொய்க் கடிதம் பிடிபட்டா 5 வருசம் கனடாப் பக்கம் தலை வைக்கேலாது.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அம்மான்ர காணி வித்து ஏஜென்ற்றிட்டக் குடுத்திட்டம் அண்ணை."

இந்தக் குடிவரவு ஆலோசகர் தொழில்ல படிவம் நிரப்புறதெல்லாம் லேசு. இதுக்கு என்ன சொல்லுறது? ஏஜென்ற்றின்ர லைசென்ஸ் நம்பர் கேட்டனீரோ, லைசென்ஸ் உள்ள ஆலோசகர்மாரின்ர பதிவேட்டில சும்மா தேடிப் பார்க்கலாமே எண்டன்.

"அவர் எங்கட ஊர்ப் பொடியன்தானே அண்ணை, எப்பிடிக் கேக்கிறது?"