ஆறு மாதத்தில் ஏழு காய்ச்சல்

அந்த ஆறு மாதத்தில் எனக்கு ஏழு முறை காய்ச்சல் வந்ததாக அலுவலகப் பதிவு சொல்லும். ஒரு முறைகூட உடம்பு சுடவில்லை. காலையில் கண் விழிப்பேன். எழுந்து பல் துலக்க வேண்டும், குளிக்க வேண்டும், சட்டை தேட வேண்டும் என்று வரிசையாக மனதில் ஓடும். அந்த வரிசையின் நீளத்தைப் பார்த்தே மறுபடி படுத்துவிடுவேன். அப்புறம் போனை எடுத்து மேலாளருக்கு ஒரு வரி: "காய்ச்சல், இன்று வர இயலாது." அதை அனுப்பியதும் ஒரு நிம்மதி வரும், பத்து நிமிடத்துக்கு. மீதி நாள் முழுக்க, பொய் சொல்லிவிட்டோமே என்ற உறுத்தல்.

ஏழாவது காய்ச்சலுக்கு மேலாளர் பதில் போட்டார். "அடிக்கடி வருதே, ஒரு ரத்தப் பரிசோதனை செஞ்சு பாத்துடுங்க." கிண்டலா அக்கறையா என்று அன்று எனக்குப் புரியவில்லை. ஆனால் என்னை மருத்துவரிடம் தள்ளிக்கொண்டு போனது அந்த வரிதான். மனதுக்கு வைத்தியம் பார்க்க என்று கிளம்பியிருக்கவே மாட்டேன். ரத்தம் கொடுக்கப் போனேன்.

பொது மருத்துவரிடம் "எப்பவும் அசதியா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அவர் தூக்கம், பசி, எடை எல்லாம் கேட்டுவிட்டு ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12, சர்க்கரை என்று எழுதிக் கொடுத்தார். தைராய்டு மந்தமாக இருந்தாலும், பி12 குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே போன்ற அசதியும் மனம் சுருங்கிப்போவதும் வரலாம். முதலில் அவை இல்லை என்று உறுதியாகட்டும் என்றார். எல்லா முடிவுகளும் சரியாக வந்தன. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது. தைராய்டாக இருந்திருந்தால் வீட்டில் தைரியமாகச் சொல்லியிருக்கலாமே!

அப்போதுதான் ஒரு தாளை நீட்டினார். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் கேள்வித்தாள், பி.எச்.க்யூ-9 என்று பெயர். 2001-இல் வெளியானது, இன்று உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துவது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் "இல்லவே இல்லை", "சில நாட்கள்", "பாதிக்கு மேற்பட்ட நாட்கள்", "ஏறக்குறைய தினமும்" என்று நான்கு பதில்கள். 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மேற்கொண்டு விசாரித்துப் பார்க்க வேண்டும் என்று கணக்கு. எனக்கு 17 வந்தது. "இது சல்லடைதான், இதை வச்சு மட்டும் எதையும் முடிவு பண்றதில்ல" என்றார் மருத்துவர்.

மனச்சோர்வு என்றால் சோகம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எனக்குச் சோகமே இல்லை. எதுவுமே இல்லை, அதுதான் சிக்கல். அந்தத் தாள் சோகத்தோடு நிற்காமல், எதிலும் நாட்டம் இல்லாமல் போனதா, தூக்கம் எப்படி, செய்தித்தாள் படிக்கும்போது மனம் நிற்கிறதா, உங்களைத் தோற்றுப்போனவராக நினைக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே போனது. யாரோ என் அறைக்குள் ஒளிந்திருந்து பார்த்து எழுதியதைப் போல இருந்தது.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. பேனா அங்கே நின்றுவிட்டது. கடைசியில் "சில நாட்கள்" என்பதைக் குறித்தேன். மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, குரலை மாற்றாமல், "அதுக்கு ஏதாவது திட்டம் யோசிச்சிருக்கீங்களா?" என்று நேராகக் கேட்டார். இல்லை என்றேன், அது உண்மைதான். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. என் அனுபவமும் அதுதான்: மாதக்கணக்கில் தனியாகச் சுமந்ததை ஒருவர் வாங்கி மேசைமேல் வைத்த மாதிரி இருந்தது. எழுந்து வருவதற்குள் ஒரு தாளில் சில விஷயங்களை எழுத வைத்தார். நிலைமை மோசமாகிறது என்பதற்கு என்னிடம் தெரியும் அறிகுறிகள், அப்போது நானாகச் செய்யக்கூடியவை, கூப்பிட வேண்டிய ஆட்களின் எண்கள், அவசரத்துக்குப் போக வேண்டிய இடம், வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக்கூடாதவை. பாதுகாப்புத் திட்டம் என்று இதற்குப் பெயர். இப்போதும் என் பர்ஸில் இருக்கிறது. உங்களுக்கு அந்த எண்ணம் வந்துகொண்டிருந்தால் இதை முழுதும் படித்து முடிக்கக் காத்திருக்காதீர்கள். இப்போதே ஒருவரிடம் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

"ஆட்களின் எண்கள்" என்ற இடத்தில் அக்காவின் எண்ணை எழுதியிருந்தேன். எழுதிவிட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். பொது மருத்துவர் போகச் சொன்ன மனநல மருத்துவரைப் பார்க்க நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். "எனக்கு டிப்ரஷன்" என்று சொல்லிப் பார்த்தால், அது யாரோ ஒருவருக்கு வந்ததைப் போல ஒலித்தது. அதோடு, இன்று எதற்கெடுத்தாலும் அந்தச் சொல்தான். போன் சார்ஜ் தீர்ந்தாலும் டிப்ரஷன். கடைசியில் அந்தத் தாளின் மொழியையே கடன் வாங்கினேன்.

"அக்கா, போன ரெண்டு வாரத்துல பதினோரு நாள் நான் சரியாத் தூங்கல. ஆறு மாசமா காய்ச்சல்னு பொய் சொல்லி லீவு போடறேன். டாக்டர்கிட்ட போயிட்டேன். மருந்து ஆரம்பிப்பாங்கபோல."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்றாள். அதுக்கப்புறம் அறிவுரை மழை. காலையில் சீக்கிரம் எழு, வெளியே போ, கண்டதை யோசிக்காதே. எதுவும் தவறான அறிவுரை இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியாததுதானே நோய்! அடுத்த முறை இன்னும் துல்லியமாகக் கேட்டேன். "எனக்கு யோசனை சொல்ல வேண்டாம்க்கா. தினமும் காலைல ஏழு மணிக்கு ஒரு தடவை கூப்பிடு. நான் எழுந்து உக்காந்துட்டேனான்னு மட்டும் கேளு." கேட்டாள். நூறு நாளுக்கு மேல் கேட்டாள். நடுவில் அறிவுரையும் எட்டிப்பார்க்கும், அவளால் முடியாது பாவம்.

என்ன நடக்கிறது, அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறேன், உன்னிடம் எனக்கு என்ன வேண்டும். இந்த மூன்றையும் சொன்ன இடங்களில் பேச்சு நன்றாகப் போனது. மூன்றாவதை விட்ட இடங்களில் எதிரில் இருப்பவர் பதறிப்போய், "உனக்கென்ன குறைச்சல்?", "எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று எதையாவது சொல்லி வைத்தார். பழைய நண்பன் ஒருவன் பேச்சை மாற்றியவன்தான், அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. மனம் விட்டுப் பேசுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். யாரிடம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். நான் மொத்தம் ஐந்து பேரிடம் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது. அப்பாவிடம்தான் ரொம்பப் பயந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார். அவ்வளவுதான். தன் ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் போடும் நேரத்தில் என்னுடையதையும் நினைவுபடுத்தத் தொடங்கினார்.

மனநல மருத்துவர் எனக்கு எழுதியது எஸ்சிட்டலோபிராம். (இது எனக்கு எழுதியது, உங்களுக்கு எது என்று உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.) முதல் பத்து நாள் குமட்டல், ஓயாத கொட்டாவி, பலன் பூஜ்யம். இதை அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: தொல்லைகள் முதலில் வரும், பலன் வர இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம், நடுவில் விட்டுவிடாதீர்கள். சொல்லாமல் இருந்திருந்தால் நான்காம் நாளே குப்பையில் போட்டிருப்பேன். ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் சட்டை தேடிக்கொண்டிருந்தபோது, நான் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பது எனக்கே கேட்டது. மருந்து வேலை செய்தது எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் மாதம், "சரியாகிவிட்டதே" என்று நானாகவே நிறுத்தினேன். நான்காம் நாள் தலையைத் திருப்பினால் உள்ளே மின்சாரம் தட்டியதைப் போல ஒரு வெட்டு, தலைசுற்றல், எரிச்சல். மருத்துவர் திட்டவில்லை, பெருமூச்சு விட்டார். இந்த மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் இப்படி ஆவது உண்டு. குறைத்துக் குறைத்துத்தான் விட வேண்டும். நன்றாக ஆனபின்னும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்தால்தான் திரும்ப வரும் வாய்ப்பு குறையும் என்று மறுபடி முதலிலிருந்து விளக்கினார்.

கவுன்சலிங் வியாழக்கிழமைகளில். குழந்தைப் பருவத்தை எல்லாம் தோண்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். ஆலோசகர் கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, மணிக்கு மணி என்ன செய்தேன், அப்போது மனம் பத்துக்கு எத்தனை என்று எழுதச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் ஒரு வாரத் தாளைப் பார்த்தபோது வாயடைத்துப் போனேன். ஓய்வு என்று நினைத்து போனைத் தள்ளிக்கொண்டே படுத்திருந்த நேரமெல்லாம் 2. வேண்டாவெறுப்பாகத் துணி மடித்த அரை மணி நேரம் 5. எனக்கு எது இதம் என்பது எனக்கே தெரிந்திருக்கவில்லை.

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்கிறார்கள். 1970-களில் பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் போட்ட அடித்தளம். மனச்சோர்வு வந்தால் செயல்கள் குறைகின்றன, செயல் குறைந்தால் மகிழ்ச்சி தரக்கூடியவை குறைகின்றன, சோர்வு கூடுகிறது. இந்தச் சுழலை எங்காவது வெட்ட வேண்டும் என்றால், மனம் வரட்டும் என்று காத்திராமல் நேரம் குறித்துச் செய்ய வேண்டும். எண்ணங்களைத் திருத்தும் பயிற்சியையும் சேர்த்துச் செய்கிற முழுச் சிகிச்சைக்கு இந்தப் பகுதி மட்டுமே ஈடுகொடுத்தது என்று 1996-இல் நீல் ஜேக்கப்சனும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். ஆலோசகர் இதைச் சொன்னபோது எனக்குத் தெம்பாக இருந்தது. யோசிக்கவே முடியாத நிலையில், யோசனையைத் திருத்து என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

துணியைக்கூட முழுக்க மடிக்க வேண்டாம், மூன்று சட்டை போதும் என்றார். மூன்றோடு நிறுத்திவிடுவதும் கட்டளையின் ஒரு பகுதி. நன்றாக இருக்கும் நாளில் எல்லாவற்றையும் செய்து தீர்த்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுக்கையில் விழுவது என் பழக்கம்.

தூக்கத்துக்குச் செய்ததுதான் கடினம். படுக்கை தூங்குவதற்கு மட்டும். இருபது நிமிடம் போலத் தூக்கம் வரவில்லையா, எழுந்து வேறு இடத்தில் உட்கார். கண் சொக்கினால் திரும்பி வா. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுவது ஒரே நேரம். ரிச்சர்ட் பூட்சின் என்பவர் 1972-இல் எழுதிய விதிகள் இவை. முதல் வாரம் நாற்காலியில் பேய் போல உட்கார்ந்திருந்தேன், பகலில் தள்ளாடினேன். மூன்றாவது வாரம் படுத்தால் தூக்கம் வந்தது. மாலைக் காபியையும் நிறுத்தினேன். காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

எல்லாம் பலித்துவிடவில்லை. மனதை அழுத்துவதைத் தொடர்ந்து நான்கு நாள், பதினைந்து நிமிடம் எழுதும் பயிற்சி ஒன்று உண்டு; 1980-களில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் சோதித்துப் பார்த்தது. இரண்டாம் நாள் இரவே நான் உடைந்துபோனேன். எழுதியவுடன் மனம் கனப்பது சகஜம்தான், ஆனால் இப்போதைக்கு வேண்டாம் என்றார் ஆலோசகர். நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை தினமும் எழுதும் நோட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. நன்றி உணர்வு வராதபோது அது இன்னொரு குற்றப்பட்டியலாகிவிட்டது. மெழுகுவத்தி, வாசனை எண்ணெய், முகப்பூச்சு என்று சுய பராமரிப்பின் பெயரில் விற்கப்படுவதைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. என் சுய பராமரிப்பு பெரும்பாலும் பல் துலக்குவதாகவே இருந்தது.

மேலாளரிடம் நான்காவது வாரமே சொல்ல வேண்டி வந்தது, வியாழக்கிழமை ஒரு மணி நேரம் முன்பே கிளம்ப வேண்டுமே. நோயின் பெயரைச் சொல்லவில்லை. "தூக்கமும் மனசும் சரியில்லாம ஒரு சிகிச்சை எடுத்துட்டு இருக்கேன் சார். முன்னாடி லீவு எடுத்தப்ப காய்ச்சல்னு சொன்னது பொய்." அவர் பேனா மூடியைத் திறந்து மூடினார். "எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. அதனாலதான் ரத்தம் பாக்கச் சொன்னேன். வேற எப்படிக் கேக்கறதுன்னு தெரியல" என்றார். வியாழக்கிழமைக்கு ஒப்புக்கொண்டார். இருவருமே சங்கடமாகச் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனோம்.

அந்த ஒன்பது கேள்வித் தாளை மறுபடி நிரப்பியபோது எட்டாவது வாரம் 11, ஆறாவது மாதம் 4. இடையில் ஒரு முறை 14-க்கு ஏறியது, நானாக மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னேனே, அப்போது. மாத்திரை இன்னும் ஓடுகிறது. கவுன்சலிங் மாதம் ஒன்றாகக் குறைந்துவிட்டது. அக்காவின் ஏழு மணி அழைப்பை நான்தான் வாரம் ஒன்றாக்கச் சொன்னேன். அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

போன மாதம் எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. "காய்ச்சல், இன்று வர இயலாது" என்று தட்டிவிட்டு, அனுப்பலாமா என்று அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. "எந்தக் காய்ச்சல்?"

தெர்மாமீட்டரைப் படம் எடுத்து அனுப்பினேன். 101.4.