சிவப்புக் குழாயில் பச்சைத்தண்ணீர்

துபாயில் குளிர்காலம் வந்துவிட்டதா என்று பார்க்க வானிலை அறிக்கை தேவையில்லை. தேரா, கராமா பக்கம் கட்டிலுக்கு வாடகை கொடுத்து ஆறு பேர் தங்கியிருக்கும் ஏதாவது ஒரு பெட்ஸ்பேஸ் ஃபிளாட்டின் பாத்ரூமிலிருந்து காலை ஐந்து மணிக்கு "ஐயோ அம்மா!" என்று அலறல் கேட்டால் வந்துவிட்டது.

குளிர் தாங்காமல் அலறியதில்லை. சுட்டுவிட்டது.

மே முதல் அக்டோபர் வரை இந்த ஊரில் குழாய்கள் தலைகீழ். மொட்டை மாடி டேங்க் 45 டிகிரி வெயிலில் நாளெல்லாம் காய்வதால், நீலப் புள்ளி போட்ட குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். சிவப்புப் புள்ளிக் குழாய்க்குத் தண்ணீர் தரும் ஹீட்டரோ பாத்ரூமின் ஃபால்ஸ் சீலிங்குக்குள், வெயில் படாமல் தூங்குகிறது. சுவிட்சை அணைத்துவிட்டால் அதிலிருக்கும் 50 லிட்டரும் நின்று மெல்ல மெல்ல ஆறும். ஆகவே கோடையில் பச்சைத்தண்ணீர் வேண்டுமென்றால் சிவப்பைத் திறக்க வேண்டும். ஆறு மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு சிவப்புக்குப் போகும் அளவுக்குக் கை பழகிவிடுகிறது.

நவம்பர் கடைசியில் அறையிலேயே மூத்த அண்ணன் ஒருவர், கால் வலி என்று சொல்லி யாரிடமும் கேட்காமல் ஹீட்டரைப் போட்டுவிடுவார். மறுநாள் முதல் ஷிஃப்ட்டுக்குக் கிளம்புகிற தம்பி அரைத்தூக்கத்தில் சிவப்பை முழுசாகத் திறப்பான். அறுபது டிகிரி. அதைத்தான் பக்கத்து ஃபிளாட் வரை கேட்கிறோம்.

ஆகவே முதல் விதி: ஹீட்டரைப் போடுகிறவர் அறையின் வாட்ஸ்அப் குரூப்பில் சொல்ல வேண்டும். அதுகூடப் போதாது, ஐந்து மணிக்கு யாரும் வாட்ஸ்அப் பார்ப்பதில்லை. சிவப்புக் குழாயின் திருகில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். கை தடவும்போதே புத்தி வரும்.

எட்டு மாதம் அணைந்து கிடந்த ஹீட்டரைப் போடவும் ஒரு முறை இருக்கிறது. முதலில் சுவிட்சைத் தொடாமல் சிவப்புக் குழாயை இரண்டு மூன்று நிமிடம் திறந்து விடுங்கள். துருநிறத் தண்ணீர் இருந்தால் போகட்டும். தண்ணீர் தடையில்லாமல் வருகிறது என்பதும் அப்போதே உறுதியாகிவிடும், ஏனென்றால் காலி டேங்கில் கரன்ட் கொடுத்தால் சூடாக்கும் கம்பியான 'காயில்' அங்கேயே சமாதி. பிறகு சுவிட்ச். போட்ட உடனே வீடே இருண்டால் பதற வேண்டாம். கரன்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் இஎல்சிபி விழுந்திருக்கும். ஈரக் கசிவு ஏறிய பழைய காயில் கரன்ட்டை ஹீட்டரின் உடம்புக்குக் கடத்துகிறது, அதைத்தான் அந்தப் பெட்டி பிடித்திருக்கிறது. திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டு அதோடு சண்டை போடாதீர்கள். ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு மற்றதை ஏற்றிக்கொண்டு, கட்டடக் காவலாளியான நாத்தூரிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள். பெரும்பாலும் காயிலும் அதன் வாஷரும் மாற்றினால் சரியாகிவிடும்.

அடுத்த பீதி, ஃபால்ஸ் சீலிங்கிலிருந்து சொட்டுவது. இருபது டிகிரித் தண்ணீர் அறுபதுக்குச் சூடாகும்போது சுமார் ஒன்றரை சதவீதம் விரியும். ஐம்பது லிட்டருக்கு முக்கால் லிட்டர் கணக்கு. உள்ளே வரும் வழியில் நான்-ரிட்டர்ன் வால்வு இருப்பதால் அது திரும்பிப் போக முடியாமல் சேஃப்டி வால்வு வழியாகச் சொட்டும். சூடாகும்போது மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது. எம்-சீல் வைத்து அடைக்கிற மேதாவித்தனம் மட்டும் வேண்டாம், அப்புறம் டேங்க் வெடிக்கும். ஹீட்டர் அணைந்திருக்கும்போதும் சொட்டினால்தான் வால்வைக் கவனிக்க வேண்டும்.

இனி பங்கீடு. 1.5 கிலோவாட் காயில் ஐம்பது லிட்டரை இருபதிலிருந்து அறுபதுக்குக் கொண்டுபோக ஒன்றரை மணி நேரம் எடுக்கும். பாதிக்குப் பாதி பச்சைத்தண்ணீர் கலந்தால் நாற்பது டிகிரியில் காகிதக் கணக்குப்படி நூறு லிட்டர். வெந்நீர் எடுக்க எடுக்கக் கீழிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறுவதால், நடைமுறையில் எண்பது கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆளுக்கு ஒரு 15 லிட்டர் வாளி என்றால் ஐந்து பேர் குளிக்கலாம். ஷவர் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் இழுக்கும். முதலில் போனவர் இரண்டு பாட்டு முழுசாகப் பாடிவிட்டு வந்தால் மற்ற ஐந்து பேருக்கும் மார்கழி நீராட்டம்தான். ஹீட்டரை நாலரைக்குப் போட்டு ஐந்துக்குக் குளிக்க நினைப்பதும் வீண். அரை மணியில் முப்பத்து மூன்று டிகிரியைத்தான் எட்டியிருக்கும்.

இத்தனைக்கும் வெளியே என்ன பெரிய குளிர்? ஜனவரியில் பகலில் 24, விடியற்காலையில் 14, 15. டெல்லிக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். ஆனால் ஐந்தரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது வடமேற்கிலிருந்து ஷமால் காற்று அடித்தால் குரங்குக் குல்லாய் அவமானமாகத் தெரியாது. பதினோரு மணிக்கு அதே ஸ்வெட்டர் இடுப்பில், மாலையில் பஸ் சீட்டில், மறுநாள் யார் உடம்பிலோ.

ஆகஸ்ட் கடைசியில் சுஹைல் நட்சத்திரம் தெரிந்தால் வெயில் தணியத் தொடங்கும் என்பது அரபிகளின் பழைய கணக்கு. நாம் அகத்தியர் என்று சொல்வதும் அதே நட்சத்திரத்தைத்தான். மாடி டேங்குக்கு மட்டும் இந்தச் சேதி அக்டோபர் வரை எட்டுவதில்லை. தேங்காய் எண்ணெய் இன்னும் நம்பகம், 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். ஆனால் ஏசி அறையில் வைத்த பாட்டில் ஜூலையிலும் உறையும், அதன் சாட்சி செல்லாது. பாத்ரூம் அலமாரி பாட்டில்தான் சரியான சாட்சி. குறுகிய கழுத்து பாட்டிலைக் குச்சி விட்டுக் குடைவதைவிட, மூடியை இறுக்கிவிட்டு, குளிக்கப் போகும்போதே வாளி வெந்நீரில் போட்டுவிடுங்கள். துவட்டி முடிப்பதற்குள் உருகியிருக்கும்.

குடும்பமாக இருப்பவர்களுக்கு இந்தக் குளிர் இட்லி மாவில் இறங்கும். கோடையில் ஏசி இல்லாத கிச்சனில் நாலைந்து மணி நேரத்தில் பொங்கி மேடையெல்லாம் வழிகிற அதே மாவு, ஜனவரியில் மறுநாள் காலையிலும் வைத்தது வைத்தபடி இருக்கும். ஊறவைக்கும்போது ஒரு டீஸ்பூன் வெந்தயம் சேருங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துக் கையால் கரையுங்கள். பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் எரியவிட்டால் அந்தச் சூடே போதும். கீழே ஒரு தட்டு வேண்டும், பொங்கினால் சுரண்டுகிற வேலை மிச்சம். அதைவிட முக்கியம், கதவில் 'உள்ளே மாவு' என்று ஒரு சீட்டு. அது இல்லாத வீட்டில்தான் பிள்ளை பீட்சாவுக்காக ஓவனை 200 டிகிரிக்குத் திருகுவான். பிளாஸ்டிக் மூடி உருகி மாவின் மேல் படிந்த பிறகு அது இட்லிக்கும் ஆகாது, பீட்சாவுக்கும் ஆகாது.

ஏசியை அணைத்த முதல் ராத்திரி யாருக்கும் தூக்கம் வராது. எட்டு மாதமாக அந்த இரைச்சலில் அமுங்கிக் கிடந்த குறட்டை அன்றுதான் முழுசாகக் கேட்கும். யாருடையது என்ற விசாரணை விடியும் வரை நடக்கும்.

மார்ச் கடைசியில் ஹீட்டரை அணைக்கும் நாளிலும் ஒரு பலி உண்டு. அணைத்தாயிற்று என்று குரூப்பில் செய்தி வந்திருக்கும், டேப்பையும் பிரித்திருப்பார்கள். ஆனால் டேங்கைச் சுற்றி இன்சுலேஷன் இருக்கிறதே, அது சூட்டை லேசில் விடாது. யாரும் திறக்காவிட்டால் மறுநாள் காலையிலும் கை வைக்க முடியாது. அணைத்த கையோடு ஐந்தாறு வாளி பிடித்து ஊறப்போட்ட துணிக்கு ஊற்றிவிட்டு, அப்புறம் டேப்பைப் பிரியுங்கள்.