நோனோகிராம்: கறுப்பை விடக் காலிக் கட்டம் முக்கியம்

ஓரத்தில் உள்ள எண்களை வைத்துக் கட்டங்களைக் கறுப்பாக்கி, ஒளிந்திருக்கும் படத்தைக் கொண்டுவரும் புதிர் நோனோகிராம். இதற்குப் புதிதாக வருபவர்கள் கறுப்பு அடிப்பதிலேயே குறியாக இருப்பார்கள். பழகியவர்கள் தேடுவது காலிக் கட்டங்களை. 15க்கு 15 புதிரில் பாதியில் சிக்கி நிற்பவரின் தாளை வாங்கிப் பாருங்கள்: எண் நிறைவேறிய வரிசைகளில் மிச்சக் கட்டங்களுக்கு, காலி என்று காட்டும் பெருக்கல் குறி போடாமல் விட்டிருப்பார். அதைப் போட்டாலே பல சமயம் குறுக்கே போகும் வரிசை நகர்ந்துவிடும்.

விதி சின்னதுதான். ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் உள்ள எண்கள், அங்கே தொடர்ச்சியாக நிரம்பும் கட்டங்களின் நீளம். ‘4 3’ என்றால் முதலில் நான்கு, குறைந்தது ஒரு காலி, பிறகு மூன்று. கிடைவரிசை, நெடுவரிசை இரண்டும் ஒத்துப்போனால் படம் வரும். 1987 வாக்கில் ஜப்பானில் நோன் இஷிதா, டெட்சுயா நிஷியோ என இருவர் தனித்தனியாகவே இதைக் கண்டுபிடித்தார்கள். 1990இல் பிரிட்டனில் சண்டே டெலிகிராப் வாராவாரம் வெளியிட ஆரம்பித்தது. இஷிதாவின் பெயரிலிருந்துதான் நோனோகிராம் வந்தது. ஹான்ஜி, கிரிட்லர்ஸ், பிக்ராஸ் எல்லாம் இதேதான்.

முதல் வேலை கணக்கு. வரிசையின் நீளத்திலிருந்து எண்களின் கூட்டுத்தொகையையும் இடைவெளிகளையும் கழித்தால் வருவது ‘தளர்வு’. எந்த எண் தளர்வை விடப் பெரியதோ, அதிலிருந்து தளர்வைக் கழித்து எஞ்சும் அளவு கட்டங்கள் உறுதி. 10 கட்ட வரிசையில் ‘4 3’: 4+1+3=8, தளர்வு 2. நான்கில் இரண்டு கட்டம் உறுதி, மூன்றில் ஒன்று. எந்தக் கட்டங்கள்? எல்லாவற்றையும் இடப்பக்கம் ஒட்டி வைத்தால் நான்கு 1–4இல் இருக்கும், வலப்பக்கம் ஒட்டினால் 3–6இல். ஆகவே 3, 4 கறுப்பு. அதேபோல மூன்றுக்கு 8ஆம் கட்டம். இங்கே தவறு வருவது பெரும்பாலும் எண்ணிக்கையில்தான். ஐந்து கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு போட்டிருப்பது அலங்காரத்துக்கு அல்ல. அதைப் பிடித்துக்கொண்டு எண்ணுங்கள்.

5க்கு 5இல் ஒன்று பார்ப்போம். கிடைவரிசைகள் மேலிருந்து: 1 1, 5, 5, 3, 1. நெடுவரிசைகள் இடமிருந்து: 2, 4, 4, 4, 2. இரண்டாவது, மூன்றாவது கிடைவரிசைகள் முழுக்கக் கறுப்பு. உடனே முதல், ஐந்தாம் நெடுவரிசைகளின் ‘2’ நிறைவேறிவிட்டது. அவற்றில் மற்ற கட்டங்களுக்கெல்லாம் குறி. இப்போது மேல் வரிசையில் எஞ்சுவது நடு மூன்று கட்டங்கள். ‘1 1’க்கு நடுவில் இடைவெளி வேண்டும், எனவே 2, 4 கறுப்பு, 3 காலி. அந்த இரு நெடுவரிசைகளின் நான்கும் மேலிருந்து இறங்கி நான்காம் வரிசையில் முடியும். நடு நெடுவரிசைக்கு மேலே இடமில்லை, ஆகவே அது அடிவரை போகும். இதயம். குறி போடாமல் விட்டிருந்தால் மேல் வரிசை கடைசி வரை திறந்திருக்காது.

பெரிய புதிர்களில் இந்தக் கணக்கு நின்றுவிடும் இடம் வரும். அப்போது ஓரத்துக்குப் போங்கள். 10 கட்ட மேல் வரிசையில் ‘4’ மட்டும், தளர்வு 6, தனியாகப் பார்த்தால் ஒன்றும் தேறாது. ஆனால் இரண்டாம் வரிசை ‘1 1 1’, நெடுவரிசைகளின் முதல் எண்கள் 3, 2, 1, 2, 1, 4, 3, 5, 2, 6 என்று வைத்துக்கொள்வோம். மேல் ஓரத்தில் ஒரு கட்டம் கறுத்தால் அந்த நெடுவரிசையின் முதல் எண் அங்கிருந்தே இறங்கியாக வேண்டும். எண் 2 அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டாம் வரிசையும் அங்கே கறுக்கும். ‘1 1 1’இல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கறுப்பு வரக்கூடாது. அப்படியானால் நான்குக்கு இரண்டே இடம்: 2–5 அல்லது 3–6. மேல் வரிசையில் 3, 4, 5 உறுதி. 1ம் 7 முதல் 10 வரையும் காலி. இரண்டாம் வரிசையில் 4 கறுப்பு, 3ம் 5ம் காலி. ஒன்றுமே இல்லாத இடத்தில் இத்தனை கிடைக்கும்.

படத்தைப் பார்த்து ஊகிப்பதுதான் பெரிய பொறி. ‘பூனை மாதிரி இருக்கு, இந்தக் காதும் இப்படித்தான்’ என்று அடித்தால், பிழை வெளியே தெரிய இருபது கட்டம் ஆகும். எங்கிருந்து அழிப்பது என்று தெரியாது. 1995இல் நிண்டெண்டோ வெளியிட்ட மரியோஸ் பிக்ராஸ் என்ற வீடியோ கேமில் தவறாக அடித்தால் நேரம் குறையும். முதலில் 2 நிமிடம், பிறகு 4, அப்புறம் 8. அந்தத் தண்டனையையே சிலர் துப்பாகப் பயன்படுத்தினார்கள். தாளில் அந்தச் சலுகை இல்லை. வண்ணப் புதிர்களில் இன்னொன்று: அடுத்தடுத்த எண்கள் வேறு நிறமானால் இடையில் காலி கட்டாயமில்லை. கறுப்பு வெள்ளைப் பழக்கத்தில் ஒன்றைக் கூட்டிவிட்டால் தளர்வே தப்பாகிவிடும்.

யாராவது சிக்கிக்கொண்டு உதவி கேட்டால் கட்டத்தைச் சொல்லாதீர்கள், வரிசையைச் சொல்லுங்கள். ‘ஏழாம் நெடுவரிசையில் கீழ்ப்பாதியைப் பாருங்க’ போதும். அதற்கும் முன்னால், அவர் ஏற்கெனவே அடித்ததில் பிழை இருக்கிறதா என்று சரிபாருங்கள்; பிழையான தாளுக்குச் சரியான துப்பு கொடுத்தால் குழப்பம்தான் கூடும்.

சொந்தமாகப் புதிர் செய்து நண்பர்களுக்கு அனுப்புபவர்கள், விடை ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். நான்கு வரிசைகளுக்கும் ‘1’ என்று உள்ள 2க்கு 2 கட்டத்தில் இரண்டு மூலைவிட்டங்களும் சரியான விடையே. பெரிய படத்திலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கும்: தனித்து நிற்கும் புள்ளிகள், கண், நட்சத்திரம், மழைத்துளி. புள்ளியைப் பக்கத்து உருவத்தோடு ஒட்டுங்கள், அல்லது இரண்டு கட்டமாக நீட்டுங்கள். அதன்பின் படத்தை அறியாத ஒருவரிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.