சூப்பர் கப்புக்குப் பெரிய புரொப்பெல்லர்: ஒரு நாட்குறிப்பு

9 மார்ச் 2024, ஆங்கரேஜ்

பனி உருகுவதற்குள் புரொப்பெல்லரை மாற்றிவிடுவது என்று நானும் கூட்டாளியும் முடிவு செய்துவிட்டோம். என்ன அளவு என்பதில்தான் ஒத்துப்போகவில்லை.

எங்களுடையது பைப்பர் சூப்பர் கப் என்ற சிறு விமானம், பிஏ-18-150 வகை. லைகமிங் ஓ-320 என்ஜின். நிமிடத்துக்கு 2700 சுற்றில் 150 குதிரைத்திறன். எங்களுக்கு முன் வைத்திருந்தவர் லேண்டிங் கியரை 3 அங்குலம் நீட்டி, புஷ்வீல் என்ற 31 அங்குலப் பெரிய டயர் மாட்டி, மெதுவாகப் பறக்க உதவும் வோர்ட்டெக்ஸ் ஜெனரேட்டர் என்ற சிறு தகடுகளை இறக்கையில் ஒட்டி, ஆற்று மணல்திட்டில் இறங்குவதற்கென்றே தயார் செய்திருந்தார். மூக்கில் மட்டும் சென்செனிக் நிறுவனத்தின் பழைய 74-56 புரொப்பெல்லர் (சுருக்கமாக, புரொப்). விட்டம் 74 அங்குலம், பிட்ச் 56. அதாவது கொஞ்சமும் வழுக்காமல் போனால் ஒரு சுற்றுக்கு 56 அங்குலம் முன்னேற வேண்டும். 2450 சுற்றில் கணக்குப் போட்டால் மணிக்கு 130 மைல் வருகிறது. இந்த டயர்களோடு எங்கள் விமானம் 98ஐத் தாண்டுவதே அபூர்வம். வேகமாகப் பறக்க வேண்டிய விமானத்தின் புரொப் இது. அந்த வேலையை எங்கள் விமானம் எப்போதோ விட்டுவிட்டது.

10 மார்ச்

காலையில் விமானத்தைக் கட்டி நிறுத்தி முழு த்ராட்டில் கொடுத்துப் பார்த்தோம். 2300க்கு மேல் ஏறவில்லை. 150 குதிரைத்திறன் என்பது 2700 சுற்றில்தான். திணறி ஓடும் என்ஜின், நமக்கு அவசரமாகத் தேவைப்படும் முதல் 100 அடியில், தன் பலத்தில் ஒரு பகுதியைக் கையிலேயே வைத்துக்கொள்கிறது. நான்காவது கியரில் மலைப்பாதை ஏறுகிற பஸ் மாதிரி.

16 மார்ச்

அலாஸ்காவில் இதற்கான வழக்கமான பதில் ‘போரர் புரொப்’. மெக்காலி 1ஏ175, விட்டம் 82 அங்குலம், பிட்ச் 41, 42, 43 என்று கிடைக்கும். போரர் என்பவர் பெயரில் உள்ள எஸ்டிசி (விமானத்தில் மாற்றம் செய்வதற்கான அதிகாரபூர்வ ஒப்புதல்) வழியாக சூப்பர் கப்பில் ஏறியது; அதனால் அந்தப் பெயர்.

எட்டு அங்குலம் கூடினால் என்ன கிடைக்கும் என்று தாளில் போட்டுப் பார்த்தேன். புரொப் சுழலும் வட்டத்தின் பரப்பு 23 சதவீதம் கூடுகிறது. ஆனால் நின்ற நிலையில் உந்துவிசை அந்த விகிதத்தில் கூடாது. அதே திறனுக்கு, பரப்பின் கனமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். ஆக, விட்டத்தால் மட்டும் கிடைப்பது சுமார் 7 சதவீதம், அதுவும் ஏட்டுக்கணக்கில். மீதி லாபமெல்லாம் பிட்ச் குறைவதால், என்ஜின் தன் சுற்றை எட்டுவதால் வருவது. “பெரிய புரொப், பெரிய இழுவை” என்று ஹேங்கரில் சொல்லிக்கொள்வது பாதி உண்மை.

17 மார்ச்

கூட்டாளிக்கு 84 அங்குல காம்போசிட் (இழை கலந்த பிசின்) புரொப் மேல் கண். எடை குறைவு, பார்க்கவும் அழகு. எடை விஷயத்தில் அவர் சொல்வது சரிதான். கப்பின் மூக்கிலிருந்து பத்துப் பதினைந்து கிலோவோ அதற்குக் கொஞ்சம் குறைவாகவோ கழிந்தாலும் கையில் தெரியும்.

என் தயக்கம் இறகின் நுனி வேகத்தில். 2700 சுற்றில்:

74 அங்குலம்: நொடிக்கு 266 மீட்டர்
82 அங்குலம்: 294 மீட்டர்
84 அங்குலம்: 302 மீட்டர்

15 டிகிரியில் ஒலியின் வேகம் 340 மீட்டர். 82 அங்குல நுனி அதில் 87 சதவீதத்துக்கு ஒட்டி ஓடும். இங்கே குளிர்காலத்தில் மைனஸ் 20 சாதாரணம். அப்போது ஒலியே 319 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. 82 அங்குலம் 92 சதவீதத்துக்குப் போகும், 84 அங்குலம் 95ஐ நெருங்கும். அந்த எல்லையில் நுனியில் அதிர்ச்சி அலை பிறந்து, என்ஜின் கொடுக்கும் திறன் இழுவைக்குப் பதில் சத்தமாகப் போகும். இங்குள்ள லேக் ஹூட் ஏரியில் கோடைக்காலக் காலையில் மிதவை விமானங்கள் கிளம்பும்போது எழும் கிழிக்கிற சத்தம் இதுதான். அந்தப் பக்கம் குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

நவீன காம்போசிட் இறகின் நுனி மெல்லியது, இதைக் கொஞ்சம் தாங்கும் என்கிறார் அவர். தாங்கட்டும். இன்னும் 2 அங்குலத்துக்குக் கிடைப்பது ஏட்டளவில் ஒன்றரை சதவீதத்தைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே.

23 மார்ச்

இன்று தரை இடைவெளி அளந்தோம். விவாதம் உண்மையில் இங்கேதான் முடிந்தது.

வால் சக்கர விமானத்துக்கு, வாலைத் தூக்கிக் கிடைமட்டமாக வைத்த நிலையில், புரொப் நுனிக்கும் தரைக்கும் 9 அங்குலம் வேண்டும் என்பது விதி. விட்டம் 8 அங்குலம் கூடினால் இடைவெளி 4 அங்குலம் குறையும். 31 அங்குல டயரில் நிற்கும்போது கவலையே இல்லை. அந்த டயரும் நீட்டிய கியரும் சேர்ந்து மூக்கை அவ்வளவு உயர்த்தியிருக்கின்றன. ஆனால் விமானம் இப்போது சக்கரத்துக்குப் பதில் ஸ்கீயில், அதாவது பனிச்சறுக்குப் பலகையில், நிற்கிறது. ஸ்கீயில் புரொப் அச்சு தாழ்வு. வால் பக்கத்தை ஏணியில் ஏற்றி, அச்சு மையத்திலிருந்து தூக்குநூல் விட்டு அளந்தால், 82க்கு 9 அங்குலத்தை ஒட்டி நிற்கிறது. 84 போட்டால் அதிலும் ஓர் அங்குலம் போய்விடும். போதாததற்கு இளம்பனியில் ஸ்கீ புதையும், பிரேக் பிடிக்காது, மேடு தட்டினால் மூக்கு ஆடும்.

பெரிய டயரோடு எடுத்த படத்தைப் பார்த்துப் புரொப் வாங்குகிறவர்கள் நவம்பரில் ஸ்கீ மாட்டும்போதுதான் விழிப்பார்கள். கூட்டாளி தூக்குநூலை இரண்டு தரம் பார்த்தார். அப்புறம் 84 பற்றிப் பேசவில்லை.

30 மார்ச்

பிட்ச் 41 வேண்டாம், 43 வேண்டாம், 42. இதற்குப் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. குறைந்த பிட்ச் குறுகிய திட்டுக்கு, கூடிய பிட்ச் தூரத்துக்கு; நாங்கள் பாதி நாள் நிக் ஆற்றுத் திட்டுகளில், மீதி நாள் தூரப் பயணம்.

6 ஏப்ரல்

காகித வேலை. மெக்கானிக் எஸ்டிசி தாள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். மாற்றத்தைப் பதிவு செய்யும் 337 படிவம், எடை-சமநிலைத் திருத்தம், லாக்புக். பொறுமையில்லாத ஒரு நண்பர், “புரொப் புரொப்தானே, போல்ட் ஓட்டை பொருந்தினால் போதாதா?” என்றார்.

போதாது. நான்கு சிலிண்டரின் ஒவ்வொரு வெடிப்பும் கிராங்க்ஷாப்டை முறுக்கி விடுகிறது. அந்த அதிர்வும் இறகின் இயல்பான அதிர்வும் ஒரே தாளத்தில் சேர்ந்தால், கண்ணுக்குத் தெரியாமல் உலோகம் களைத்து, ஒருநாள் இறகின் நுனி முறிந்து பறக்கும். பிறகு சமநிலை இழந்த என்ஜினே மவுண்ட்டிலிருந்து பிய்ந்துகொள்ளலாம். ஓ-360 என்ஜினோடு 76 அங்குல சென்செனிக் மாட்டிய பல விமானங்களில் “2150 முதல் 2350 வரை தொடர்ந்து ஓட்டாதே” என்று பலகையே ஒட்டியிருக்கும். எந்த என்ஜினுக்கு எந்த இறகு, எவ்வளவு நீளம் என்று அதிர்வைக் கருவி வைத்து அளந்த பிறகுதான் ஒப்புதல். இந்த ஒரு காகிதத்தில் எனக்குச் சலிப்பே வருவதில்லை.

20 ஏப்ரல்

ஸ்கீ கழற்றி டயர். புதிய புரொப் மாட்டியாயிற்று. போல்ட்டுகள் முறைப்படி முறுக்கி, சேஃப்டி வயர் போட்டோம். பெட்டியொன்றை நுனிக்கு நேரே வைத்துக் கையால் சுற்றி ட்ராக் பார்த்தோம். இரண்டு இறகும் 1/16 அங்குலத்துக்குள் ஒரே தடத்தில் போகின்றன.

ஓட்டிப் பார்க்குமுன் மெக்கானிக் இன்னொரு வேலை செய்தார்: ஒளியால் சுற்று எண்ணும் கையடக்கக் கருவியை வைத்து, விமானத்தில் என்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரைச் சோதித்தார். எங்கள் பழைய டாக்கோமீட்டர் 50 சுற்று குறைத்துக் காட்டுகிறது. பிட்ச் குறைந்த புரொப்புக்கு இது முக்கியம். 74-56ஐ வைத்துக்கொண்டு சிவப்புக் கோட்டை, அதாவது 2700 என்ற உச்ச வரம்பை, தாண்டுவதே கஷ்டம். 42 பிட்ச்சில் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி த்ராட்டிலை விட்டுவிட்டால் 2700 தானாகத் தாண்டும். டாக்கோமீட்டரையும் மாற்றச் சொல்லியிருக்கிறோம்.

4 மே

புதிய டாக்கோமீட்டரோடு முதல் நல்ல நாள். லேசான எதிர்க்காற்று. த்ராட்டில் தள்ளியதும் வால் எழுந்த வேகம் எங்கள் இருவரையும் சிரிக்க வைத்தது. ஏறும் வேகமும் நன்றாகத் தெரிகிறது. இறங்கும்போது எதிர்பாராத இன்னொரு லாபம்: த்ராட்டிலை மூடினால் பெரிய தட்டையான வட்டம் பிரேக் போலப் பிடிக்கிறது. குறுகிய திட்டில் அது கைகொடுக்கும். தெரியாமல் மூடினால் வேகம் சட்டென்று விழும்.

25 மே

மக்ராத் ஊருக்குப் போய்வந்தோம். ஒரு வழிக்கு ஏறக்குறைய 220 மைல். 2450 சுற்றில் 86 மைல் வேகம்தான். பழைய புரொப்போடு ஒப்பிட்டால் ஒரு வழிக்கு இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுதல், இரண்டரை காலன் பெட்ரோல் அதிகம். கப்பின் இரண்டு தொட்டியும் சேர்த்து 36 காலன். வழியிலுள்ள ரெய்னி பாஸ் மலைக்கணவாயில் எதிர்க்காற்று அடிக்கும் நாளில் இதை மறக்க முடியாது.

திரும்பும் வழியில் ஆற்றுத்திட்டில் இறங்கினோம். ஓர் இறகின் முன்விளிம்பில் சிறு கல் தட்டிய காயம். அரம் போட்டு வழித்து, கூர் இல்லாமல் மழுப்பிவிட்டேன். கல் தரையில் நின்ற இடத்திலேயே என்ஜினை முடுக்கிச் சோதிப்பதை இனி முழுக்க விட்டுவிட வேண்டும், உருண்டுகொண்டே பார்க்கலாம்.

பழைய 74-56ஐ வாங்க ஒருவர் கேட்டார். விற்கவில்லை. தூரப் பயணம் மட்டுமே இருக்கிற மாதத்தில் அதை மாட்டலாம் என்பது கூட்டாளியின் யோசனை. ஒவ்வொரு முறையும் மெக்கானிக் கையெழுத்துக்கு யார் காசு கொடுப்பது என்பதை இன்னும் பேசி முடிக்கவில்லை.