ஆன்லைனில் ஸ்டிக்கர் கடை தொடங்கிய அனுபவம்

வீட்டிலிருந்தே ஸ்டிக்கர் விற்கலாம் என்று இறங்குபவர்கள் முதலில் தேடுவது, எந்தக் கட்டிங் மெஷின் நல்லது என்பதைத்தான். நானும் தேடினேன், ஆனால் உடனே வாங்கவில்லை. முதல் சரக்கை ஓர் அச்சகத்தில் கொடுத்து அடித்துக்கொண்டேன். நான் வரைவதை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்பதே தெரியாதபோது பிரிண்டர், லேமினேட்டர், கட்டர் என்று மேசையை நிரப்ப மனம் வரவில்லை.

அச்சகத்தில் ஒரே டிசைனை நிறைய அடித்தால்தான் ஒன்றின் அடக்கவிலை இறங்கும். அதனால் டிசைன்களைச் சுருக்க வேண்டியதாயிற்று. அந்தக் கட்டாயம் நல்லதாகவே அமைந்தது. பூனை, செடி, நட்சத்திரம் போன்ற பொதுவான படங்களை விட்டுவிட்டு, குரோஷே பின்னுகிறவர்களுக்காக மட்டும் வரைந்தேன்: சிக்குப் பிடித்த நூல்கண்டு, கணக்குத் தவறிய வரிசை, பாதியிலேயே கிடக்கும் போர்வை. பூனை ஸ்டிக்கர் என்று தேடுபவர் முன்னால் கணக்கில்லாத கடைகள் வந்து நிற்கும், அதில் என் கடை யார் கண்ணிலும் படாது. பின்னல்காரர் ஒருவர் வாங்கினால் கூடப் பின்னும் தோழிகளுக்கும் சேர்த்தே வாங்குகிறார்.

கோப்பு தயாரிப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அச்சாகப் போகும் அளவிலேயே 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள், இருக்க வேண்டும். வெட்டுக்கோட்டைத் தாண்டி 2 அல்லது 3 மில்லிமீட்டர் வரை பின்னணி நிறம் நீள வேண்டும். இதைத்தான் பிளீட் என்கிறார்கள். வெட்டுக்கோடு தனி லேயரில் (அடுக்கில்), வெக்டராக, அதாவது புள்ளிகளாக அல்லாமல் கோடாகவே இருக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளே இதற்குத் தாராளம்.

நிறம்தான் கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும். திரை ஒளியைக் கலந்து நிறம் காட்டுகிறது, அச்சு மையைக் கலந்து காட்டுகிறது. திரையில் பளீரென்று அடிக்கும் பச்சை காகிதத்தில் சோர்ந்துபோகும், சுத்த நீலம் ஊதாப் பக்கம் சாயும். அச்சகங்கள் பெரும்பாலும் சிஎம்ஒய்கே கோப்பு, அதாவது நான்கு அச்சு மைகளின் கணக்கில் நிறம் குறித்த கோப்பு, கேட்கும். வீட்டு இங்க்ஜெட்டுக்கு நேர்மாறு: அதன் டிரைவர் மென்பொருள் திரையின் சிவப்பு, பச்சை, நீலக் கணக்கான ஆர்ஜிபியைத்தான் எதிர்பார்க்கிறது, மாற்றும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். எதில் அடித்தாலும் நான் முதலில் ஒரு நிறப் பட்டியலை அடித்து சுவரில் மாட்டிவிடுவேன். திரையைப் பார்த்து அல்ல, அந்தத் தாளைப் பார்த்தே நிறம் தேர்ந்தெடுப்பேன்.

சில டிசைன்கள் நிற்காமல் விற்க ஆரம்பித்த பிறகுதான் வீட்டிலேயே அடிக்கும் ஏற்பாட்டுக்கு வந்தேன். உண்மையான படிப்பு இங்கேதான் தொடங்கியது.

ஸ்டிக்கர் என்பது ஒரு படம் என்று வரைகிறவர்களுக்குத் தோன்றும். வாங்குகிறவருக்கு அது தண்ணீர் பாட்டிலிலும் லேப்டாப்பிலும் ஒட்டி, கை பட்டு, நனைந்து, வெயிலில் காய்ந்தும் அப்படியே இருக்க வேண்டிய ஒரு பொருள். அதனால் தாளும் மையும் படத்துக்குச் சமமான விஷயங்கள். காகித ஸ்டிக்கர் டைரிக்கும் கடித உறைக்கும் போதும். பாட்டிலுக்கு வினைல் என்ற பிளாஸ்டிக் தாள் வேண்டும். இங்க்ஜெட் வினைலின் மேல் மையை உறிஞ்சிப் பிடிக்கும் பூச்சு ஒன்று இருக்கும். அதை லேசர் பிரிண்டரில் விடக் கூடாது. லேசர் பிரிண்டர் டோனரைச் சூட்டில் உருக்கி ஒட்டும் சாதனம். அந்தச் சூட்டில் வினைல் உருகி உள்ளே உருளையைச் சுற்றிக்கொண்டால் பிரிண்டரையே மறந்துவிட வேண்டியதுதான். லேசருக்கென்று தனித் தாள்கள் இருக்கின்றன.

மையிலும் இரண்டு வகை. டை மை திரவத்தில் கரைந்த சாயம்: நிறம் துள்ளும், ஆனால் ஈரத்தில் கசியும், வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். பிக்மெண்ட் மை நுண்துகள்களால் ஆனது: கொஞ்சம் அடக்கமான நிறம், ஆனால் தாக்குப்பிடிக்கும். பிக்மெண்டை எடுப்பதே நல்லது என்றாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. சில பளபளப்பான தாள்களில் பிக்மெண்ட் கறுப்பு உள்ளே இறங்காமல் மேலேயே உட்கார்ந்துகொள்ளும், விரலால் தேய்த்தால் வந்துவிடும். வாங்குவதற்கு முன் ஒரு சாம்பிள் தாளில் அடித்துத் தேய்த்துப் பார்ப்பது நல்லது. பிரிண்டர் அமைப்பில் எந்தத் தாள் என்று தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் முக்கியம், எவ்வளவு மை கொட்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அதிகம் கொட்டினால் காயாது.

காய்ந்த பிறகு லேமினேஷன், அதாவது மேலே பாதுகாப்பு பிலிம் ஒட்டுவது, அதற்குப் பிறகே வெட்டு. வெட்டிவிட்டு லேமினேட் செய்ய முடியாது. நான் சூடில்லாத, அழுத்தி ஒட்டும் வகையையே பயன்படுத்துகிறேன். மை முழுதாகக் காயாமல் மேலே பிலிமை ஒட்டினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, ஓரத்தில் பிலிம் தூக்கிக்கொள்ளும். அதனால் மாலையில் அடித்து, மறுநாள் லேமினேட் செய்வதே வழக்கமாகிவிட்டது.

சில்ஹவுட் கேமியோ, கிரிகட் போன்ற கட்டிங் மெஷின்கள் தாளில் அச்சான கறுப்புக் குறிகளை ஒரு சென்சாரால் படித்து, படம் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டுத்தான் வெட்டுகின்றன. பளபளப்பான லேமினேஷன் இதற்குப் பரம எதிரி. வெளிச்சம் பட்டுத் தெறிக்க, சென்சாருக்குக் குறி தெரியாமல் போகும். மெஷின் திரும்பத் திரும்பத் தேடிவிட்டு நின்றுவிடும். பளபளக்காத, தெளிவான டேப்பை அந்தக் குறிகளின் மேல் மட்டும் ஒட்டினால் போதும், பிரச்சினை தீர்ந்தது. இந்த ஒரு விஷயத்தை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நிறைய வினைல் மிஞ்சியிருக்கும்.

வெட்டிலும் இரண்டு உண்டு. பின்தாளையும் சேர்த்து வெட்டி, ஸ்டிக்கரைத் தனித்தனியாக எடுத்தால் டை கட். வினைலை மட்டும் வெட்டி, சிலிக்கோன் பூசிய பின்தாளை முழுசாக விட்டால் கிஸ் கட். ஒரே தாளில் பல சின்ன ஸ்டிக்கர்கள் வைக்க கிஸ் கட்தான் வசதி. பிளேடின் ஆழமும் அழுத்தமும் சரியாக அமைவதே இங்கே எல்லாம். குறைந்தால் லேமினேஷன் பிலிம் அறுபடாமல் இழுக்கும், கூடினால் பின்தாளும் சேர்ந்து கிழியும். புது ரோல் பிரித்தால் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம் வெட்டிப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குவேன். பிளேடின் நுனியில் பசை சேர்ந்துகொண்டே இருக்கும், அதையும் அவ்வப்போது துடைக்க வேண்டும்.

வெட்டுக்கோட்டில் கூர்முனைகளை விடாதீர்கள். பை உராய்ந்து முதலில் தூக்குவது முனைகள்தான். வளைத்துவிட்டால் ஆயுள் கூடும். அப்புறம் அந்த வெள்ளை ஓரம். அது அழகுக்காக என்று நினைத்திருந்தேன். அதற்கு வேறு இரண்டு வேலைகள் இருக்கின்றன. வெட்டு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது, வெட்டிய ஓரம் திறந்துதான் இருக்கும், தண்ணீர் அந்த வழியாகத்தான் நுழையும். ஓரத்தில் மையே இல்லாவிட்டால் கசிவதற்கு எதுவும் இல்லை. எந்த டிசைனையும் விற்பனைக்குப் போடும் முன் ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்து, இன்னொன்றை என் பாட்டிலில் ஒட்டித் தினமும் கழுவி, மூன்றாவதை வெயில் படும் ஜன்னலில் விட்டுப் பார்க்கிறேன்.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரபலமான கார்ட்டூன் பாத்திரங்களை வரைந்து விற்பவர்கள் ஏராளம், ஆனால் நீங்களே வரைந்தாலும் பாத்திரம் உங்களுடையது ஆகாது. மிக்கி மவுஸின் 1928 வடிவம் 2024 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பதிப்புரிமையிலிருந்து விடுபட்டுவிட்டதே என்பார்கள். விடுபட்டவை அதுபோன்ற மிகப் பழைய வடிவங்கள் மட்டும். இன்று நாம் பார்க்கும் நவீன வடிவங்களின் பதிப்புரிமையும் வணிகச் சின்ன உரிமையும் அப்படியே இருக்கின்றன. எழுத்துருவும் இப்படித்தான். இலவசம் என்று போட்டிருப்பது பல நேரம் சொந்த உபயோகத்துக்கு மட்டும். எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்ற திறந்த உரிமத்தில் வருபவற்றை விற்பனைப் பொருளில் தாராளமாகப் பயன்படுத்தலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. எனக்கு அது போதும்.

கடையை எங்கே திறப்பது என்று அதிகம் யோசிக்கவில்லை. எட்ஸி போன்ற சந்தைத் தளத்தில் தேடி வருகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அதற்கு ஈடாகப் பட்டியலிடக் கட்டணம், விற்பனையில் பங்கு என்று எடுத்துக்கொள்வார்கள். எட்ஸியில் ஒரு பட்டியல் 4 மாதம் நிற்கும், பிறகு மறுபடி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். சொந்தத் தளத்தில் இந்தப் பங்கு இல்லை, ஆனால் ஆளை நாமே கூட்டிவர வேண்டும். சந்தையில் தொடங்கினேன்.

புகைப்படத்தில் ஒன்றே ஒன்று: அளவு தெரிய வேண்டும். சென்டிமீட்டர் கணக்கை யாரும் படிப்பதில்லை. கையில் பிடித்தபடி ஒரு படம், பாட்டிலில் ஒட்டியபடி ஒரு படம் போட்ட பிறகு, இவ்வளவு சின்னதா என்ற புலம்பல் அநேகமாக நின்றுவிட்டது.

விலை வைப்பதில் பலர் வினைல், மை, உறை என்று கூட்டி மேலே கொஞ்சம் வைத்துவிடுகிறார்கள். வீணாகும் தாள், தளக் கட்டணம், பணப் பரிவர்த்தனைக் கட்டணம் எல்லாம் அதில் வராது. முக்கியமாக நேரம் வராது. ஒரே ஒரு ஸ்டிக்கர் கேட்ட ஆர்டரையும் ஐந்து கேட்ட ஆர்டரையும் பேக் செய்ய ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகிறது: முகவரி அச்சடிப்பது, உறையில் போடுவது, அனுப்பியாயிற்று என்று தெரிவிப்பது. ஒற்றை ஸ்டிக்கரில் வரும் லாபம் இந்த வேலைக்கே சரியாகிவிடும். ஆகவே தொகுப்புகளாக விற்கத் தொடங்கினேன். ஒற்றையும் உண்டு, ஆனால் தொகுப்பின் விலையைப் பார்க்கிறவர் ஒற்றையை எடுக்க மாட்டார். கடை கையைக் கடிக்காமல் நின்றது இதனால்தான் என்று நினைக்கிறேன், படங்களால் மட்டும் அல்ல.

அனுப்புவதற்கு மெல்லிய அட்டை ஒன்றைப் பின்னால் வைத்து, தட்டையான உறையில் போட்டால் போதும். அட்டை தடித்துவிட்டால் சாதாரணக் கடிதம் என்ற கணக்கிலிருந்து பார்சல் கணக்குக்குப் போய்விடும், கட்டணம் ஏறும். டிராக்கிங் இல்லாத தபாலில் சில உறைகள் காணாமல் போகத்தான் செய்யும். அதற்குத் தகராறு செய்யாமல் இன்னொன்றை அனுப்பிவிடுகிறேன். அந்தச் செலவும் விலைக்குள்ளேயே இருக்கிறது.

ஒட்டவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலும் பசை மேல் தப்பு இருக்காது, ஒட்டிய இடம்தான் காரணம். சிலிக்கோன் போன் கவர், பாலிபுரொப்பிலீன் டப்பா, சொரசொரப்பான பூச்சுள்ள பாட்டில் ஆகியவற்றில் எந்தப் பசையும் சிரமப்படும். இது அழுத்தத்தால் பிடிக்கும் பசை, பிடிப்பு முழுதாக வர ஒரு நாளாவது ஆகும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நன்றாக அழுத்தி ஒட்டி, ஒரு நாள் தண்ணீர் படாமல் வையுங்கள் என்று சின்னச் சீட்டு ஒன்றை ஒவ்வோர் உறையிலும் போட்டேன். புகார்கள் குறைந்தன. பதில் எழுதும் வேலையும் குறைந்தது.

கஸ்டம் ஆர்டர்களை இப்போது அளவோடு எடுக்கிறேன். மாதிரியை அனுப்பி, சரி என்று எழுத்தில் வந்த பிறகே அச்சுக்குப் போகும். அதற்குப் பின் எழுத்துப் பிழை கண்டுபிடித்தால் மறு அச்சின் செலவு அவர்களுடையது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். வண்டியில் ஒட்ட வேண்டும், கடைக் கண்ணாடியில் வருடக்கணக்கில் நிற்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மட்டும் முடியாது என்கிறேன். அதற்கு எளிதில் சுருங்காத காஸ்ட் வகை வினைலும், வெளியில் தாக்குப்பிடிக்கும் சால்வென்ட் அல்லது யுவி மை அச்சும் வேண்டும். அந்த மெஷின்கள் பெரிய அச்சகங்களில்தான் இருக்கும், அவர்களிடமே அனுப்பிவிடுகிறேன்.