டவுன் என்றால் வேலி

எங்கள் பக்கத்தில் எல்லாமே ஜங்ஷன்தான். மூன்று ரோடு கூடினாலும் ஜங்ஷன், ஒரு டீக்கடையும் பஸ் ஸ்டாப்பும் இருந்தால் அதுவும் ஜங்ஷன். மார்த்தாண்டத்தை ஒட்டி வெட்டுமணி ஜங்ஷன், நாகர்கோவிலில் செட்டிக்குளம் ஜங்ஷன், களியக்காவிளை தாண்டிப் பாறசாலைக்குள் போனால் திருவனந்தபுரம் வரைக்கும் இதே கதை. மதுரைக்காரர்களிடம் ஜங்ஷன் என்றால் ரயில் நிலையம் என்று நினைத்துக்கொள்வார்கள். சேர்ப்பது, பூட்டுவது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. மாட்டுக்குப் பூட்டும் நுகத்தடியை ஆங்கிலத்தில் யோக் என்கிறார்களே, அதுவும் சமஸ்கிருத யோகமும் இதற்குத் தூரத்துச் சொந்தம்.

இப்படி ரோட்டோரச் சொற்களை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்ததில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது டவுன். பழைய ஆங்கிலத்தில் தூன் என்றால் வேலி அடைத்த இடம். முதலில் வேலிக்குள் ஒரு வீடும் தொழுவமும், அப்புறம் நாலு வீடு, அப்புறம் ஊர், கடைசியில் பெரிய ஊர். ஜெர்மன் மொழியில் அதே சொல் இன்றைக்கும் வேலியைத்தான் குறிக்கிறது, டச்சு மொழியில் தோட்டத்தைக் குறிக்கிறது. இதைப் படித்ததும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, நம்ம விளைதான் தோன்றியது. களியக்காவிளை, பள்ளிவிளை, பருத்திவிளை என்று குமரி மாவட்டம் முழுக்க எத்தனை விளை! நெல் விளையும் தாழ்ந்த நிலம் வயல், தென்னையும் மரச்சீனியும் வாழையும் நிற்கும் மேட்டு நிலம் விளை. சுற்றிக் கய்யாலைச் சுவர் வைத்து அடைத்து, உள்ளே ஒரு வீடு கட்டி, பக்கத்தில் அண்ணன் தம்பி வீடு கட்டி, அப்படியே ஊரானது. இங்கிலாந்துக்காரன் வேலியிலிருந்து டவுனுக்குப் போன வழியும் நாம் விளையிலிருந்து ஊருக்கு வந்த வழியும் ஒன்றுதான், இதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஸ்ட்ரீட் என்பது ரோமானியர்கள் கல் பாவிப் போட்ட பாதை. டிராஃபிக் முதலில் வியாபாரத்தைக் குறித்தது, வண்டி நெரிசலெல்லாம் பிறகு வந்தது. புலிவார்டு என்பது கோட்டை மதில். பாரீஸைச் சுற்றியிருந்த மதில்களை 1670 வாக்கில் பதினான்காம் லூயி இடிக்கச் சொல்லி, அந்த இடத்தில் மரம் நட்டு அகலமான நடைபாதை போட்டார், மதிலின் பெயர் ரோட்டுக்கு வந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் பஸ் ஏறுகிறவர்கள் கிழக்கே கோட்டை என்று சொல்லித்தானே டிக்கெட் எடுக்கிறார்கள், அங்கே கோட்டை வாசல் இன்னும் நிற்கிறது.

மால் கதை இன்னும் நீளம். இத்தாலியில் மரச் சுத்தியலால் பந்தை அடித்து ஓடவிடும் ஒரு விளையாட்டு இருந்தது. பலா என்றால் பந்து, மாலியோ என்றால் சுத்தியல். அது லண்டனுக்கு வந்து, இரண்டாம் சார்லஸ் காலத்தில் அதற்காக நீளமாக ஒரு தடம் அமைத்தார்கள், ஆட்டம் ஓய்ந்த பிறகு அந்தத் தடம் மரநிழலில் உலாவும் இடமாகி மால் என்ற பெயரோடு நின்றது. சிம்லாவின் மால் ரோடும் அந்த வழியில் வந்த பெயர்தான். ஏசி போட்ட கட்டடத்துக்கு அந்தப் பெயர் வந்தது 20ஆம் நூற்றாண்டில்.

செக்போஸ்ட் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சாவடிகள் போனாலும் போலீஸ்காரர்கள் கைகாட்டுவது நிற்கவில்லை. அந்த செக், சதுரங்கத்தில் ராஜாவை மறிக்கும் செக்கேதான், மூலம் பாரசீக ஷா, அதாவது அரசன். பஸ் டெர்மினஸோ எல்லைக்கல்லுக்கு ரோமானியர் வைத்திருந்த சாமியின் பெயர். பிப்ரவரி 23 அன்று அந்தக் கல்லுக்கு இரண்டு பக்கத்து நிலக்காரர்களும் வந்து, ஆளுக்கொரு மாலை சாத்தி, படையல் வைத்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் வந்தன. எல்லைக்கு இருபக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற எங்களுக்கு அந்த ரோமானியச் சாமி அந்நியம் இல்லை.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் அவென்யூ. பிரெஞ்சில் அது வந்து சேரும் வழி, பெரிய மாளிகைக்கு இருபுறமும் மரம் வைத்துப் போட்ட பாதை. இப்போது விளைகளைப் பிளாட் போட்டு விற்கிறவர்கள் தென்னையை வெட்டி, கய்யாலையை ஜேசிபி வைத்துத் தள்ளி, முகப்பில் ஏதோ ஒரு அவென்யூ என்று ஆர்ச் வைக்கிறார்கள். ஆங்கிலப் பெயர் வைப்பதில் எனக்கு வருத்தமில்லை. அந்த விளையின் பெயர் காணாமல் போவதுதான் தாங்கவில்லை. பழைய ஆதாரங்களில், அதாவது நிலப் பத்திரங்களில், நாலு எல்லையும் எழுதி விளையின் பெயரையும் எழுதியிருப்பார்கள். வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், பெயரைக் குறித்து வையுங்கள். பிளாட் வாங்கப் போகிறவர்கள் விற்கிறவரிடம் இதன் பழைய பேர் என்ன என்று கேளுங்கள். பருத்திவிளை அவென்யூ என்று ஆர்ச்சில் எழுத அவருக்கு ஒரு பைசா கூடச் செலவாகாது.