ஒரே தொல்லை, பல அலுவலகங்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் தென்பகுதியில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு பட்டணத்தில் எங்கள் தாமான், அதாவது வீட்டுக் குடியிருப்பு, உள்ளது. தோட்டம் கைமாறி, லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள் உடைக்கப்பட்ட பின் வெளியேறிய குடும்பங்களே அங்குப் பெரும்பாலும் குடியிருக்கின்றன. கடைசி வரிசை வீடுகளுக்கும் தமிழ்ப்பள்ளியின் பின்வேலிக்கும் நடுவில் ஒரு திடலும், பந்து விளையாட வருவோர் உட்காருவதற்காகக் கட்டிய ஒரு கூரைக் கொட்டகையும் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் இறுதியில் அந்தக் கொட்டகையில் இரவுதோறும் ஓர் இளைஞர் கூட்டம் கூடத் தொடங்கியது. அவர்களால் நாங்கள் பட்ட தொல்லையைச் சட்டத்தின் வழியே குறைக்க முயன்றபோது தெரிந்துகொண்டவற்றை, அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்லன். தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் குடியிருப்போருக்காகக் கடிதம் எழுதும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

தொல்லை எல்லோரும் அறிந்த வகைதான். புகைக்குழாயை மாற்றிய மோட்டார் சைக்கிள்களின் உறுமல், நள்ளிரவு தாண்டியும் ஓயாத பாட்டு, சாலையில் உடையும் புட்டிகள், தட்டிக் கேட்பவர்களுக்கு வசவு. காலையில் பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகள் கண்ணாடித் துண்டுகளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. பின்னர் ஒரு காரின் முன்கண்ணாடி கல்லெறிந்து உடைக்கப்பட்டது. சத்தத்தைக் குறைக்கச் சொன்ன ஒருவர் கன்னத்தில் அறை வாங்கினார். 14ஆம் எண் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு தனியாக இருக்கும் அக்காவின் வாசலிலேயே வந்து நின்று ஒருவன் மிரட்டிவிட்டுப் போனான்.

குடியிருப்போர் கூட்டத்தில் அனைவரும் கையொப்பமிட்ட நீண்ட மனு ஒன்று தயாரானது. அதை ஏற்கெனவே ஒரு குழு காவல் நிலையத்தில் கொடுத்துப் பல வாரங்கள் ஆகியும் எதுவும் நடக்காததால், விசாரித்து வரும்படி என்னை அனுப்பினார்கள். அங்கிருந்த சார்ஜன்ட் மரியாதையான மனிதர். மனுவை முழுவதும் படித்தார். “அங்கிள், இது கடிதம், புகார் அன்று. இதில் யார், எந்த நாளில், யாரிடம், என்ன செய்தார் என்று இருக்கிறதா?” என்று கேட்டார். இல்லை. “சமூக விரோதச் செயல்கள்” என்ற சொல் அந்த மனுவில் பல இடங்களில் இருந்தது. ஒரு தேதி கூட இல்லை.

இதில் காவல் துறையின் மேல் மட்டும் குறை சொல்வது நியாயமாகாது என்பது என் எண்ணம். நம் நாட்டுச் சட்டத்தில் “அண்டை அயலாருக்குத் தொல்லை” என்று மொத்தமாக ஒரு குற்றம் இல்லை. ஒவ்வொரு செயலும் வேறொரு சட்டத்தில், வேறோர் அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கிறது. கார்க் கண்ணாடியை உடைத்தது தண்டனைச் சட்டத் தொகுப்பின் 427ஆம் பிரிவு. சேதம் 25 வெள்ளியோ (ரிங்கிட்) அதற்கு மேலோ இருந்தால் அந்தப் பிரிவு பொருந்தும். ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆகவே பட்டறையின் பில்லும் புகைப்படங்களும் புகாரோடு இருக்க வேண்டும். அறைந்தது 323ஆம் பிரிவு. பொது இடத்தில் பலருக்குத் தொல்லை தருவது 290ஆம் பிரிவு; அதற்கு 400 வெள்ளி வரை அபராதம் மட்டுமே. இரவு முழுவதும் ஊரை விழிக்க வைத்த பாட்டுக்குச் சட்டம் வைத்திருக்கும் விலை அவ்வளவுதான் என்று அறிந்தபோது கூட்டத்தில் பலர் சிரித்துவிட்டார்கள்.

அதன் பிறகு ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் செக்ரோல் எனப்படும் தோட்டத்து வருகைப் பதிவேடு போலக் கட்டம் போட்டேன். தேதி, நேரம், மோட்டார் எண், நடந்தது என்ன, கண்ணால் பார்த்தவர் யார் என ஐந்து பத்திகள். கடைசி வரிசை வீட்டார் முறைவைத்து எழுதினார்கள். ஒரு சனிக்கிழமை இரவின் பக்கம் இப்படி இருந்தது: “11.40, இரண்டு மோட்டார், திடலைச் சுற்றி. 12.15, புட்டி உடைந்தது, பள்ளிப் பின்வாசல் எதிரில். 1.05, 14ஆம் எண் வாசலில், ‘இன்னொரு தடவை போலீசுக்குப் போனால் வீட்டைக் கொளுத்திவிடுவேன்.’” கருத்தை எழுதக் கூடாது, கேட்டதையும் பார்த்ததையும் மட்டுமே எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தேன். சிலருக்கு அது கடினமாக இருந்தது. “பொறுக்கிப் பயல்கள்” என்று எழுதிய வரிகளை அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த 1.05 மணி வரி பின்னர் மிக முக்கியமானது. அக்கா முதலில் கொடுத்திருந்த புகாரில் “மிரட்டினார்” என்று மட்டுமே பதிவாகியிருந்தது. 506ஆம் பிரிவின்படி சாதாரண மிரட்டலுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. ஆனால் கொலை செய்வதாகவோ கொடுங்காயம் விளைவிப்பதாகவோ சொத்தைத் தீயிட்டு அழிப்பதாகவோ மிரட்டினால் அது ஏழு ஆண்டு வரை போகும். அவன் சொன்ன வாக்கியம் அப்படியே, முழுமையாகப் பதிவாக வேண்டும் என்று கேட்டு, அவர் மறுபடி ஒரு புகார் கொடுத்தார். தட்டச்சு செய்து முடித்ததும் கையொப்பமிடுமுன் அதை வாசித்துக் காட்டச் சொன்னோம். அதற்குப் பிறகுதான் மாவட்டக் காவல் தலைமையகத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி அவர் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் எடுத்தார்.

புகார் கொடுத்துவிட்டு வெறுமனே காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பின் 107ஏ பிரிவின்படி, காவல் துறை பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்து, புகார் கொடுத்து நான்கு வாரங்கள் கடந்திருந்தால், விசாரணை எந்த நிலையில் உள்ளது என்று எழுத்தில் கேட்கலாம். கோரிக்கை கிடைத்த இரண்டு வாரங்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசு வழக்கறிஞரிடம் முறையிடலாம். கார்க் கண்ணாடி விவகாரத்தில் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். பதில் வந்தது. கண்ணாடியை உடைத்த இளைஞனின் தந்தை தவணை முறையில் பணத்தைக் கட்டிவிட்டதால், கார்க்காரர் மேற்கொண்டு இழப்பீட்டு வழக்குத் தொடுக்கவில்லை.

அறை வாங்கியவருக்கு வந்தது வேறு வகைக் கடிதம்: மாஜிஸ்திரேட்டிடம் செல்லுங்கள். அதைக் கண்டு அவர் மனமுடைந்து போனார். “கிராணி, கைகழுவிவிட்டார்கள்” என்றார். உண்மையில் அது ஒரு வழிமுறைதான். பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாத சிறு குற்றங்களில், அரசு வழக்கறிஞரின் உத்தரவு இல்லாமல் காவல் துறை தன் விசாரணை அதிகாரங்களைப் பயன்படுத்த முடியாது. பாதிக்கப்பட்டவர் நேரே மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போகலாம். அதே நடைமுறைச் சட்டத் தொகுப்பின் 133ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் அவரைச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரித்து, சொன்னதை எழுத்தில் பதிந்து, கையொப்பம் வாங்குகிறார். போதிய காரணம் இல்லையென்றால் புகார் தள்ளுபடியாகும்; இருந்தால் எதிராளிக்கு அழைப்பாணை போகும். நம்மவர் புகார் நகல், அரசு மருத்துவமனைச் சான்று, செக்ரோல் பக்கத்தின் நகல் ஆகியவற்றோடு போனார். அழைப்பாணை போயிற்று. 323ஆம் பிரிவுக் குற்றத்தைப் பாதிக்கப்பட்டவரே சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடந்தருவதால், இளைஞன் மன்னிப்புக் கேட்டு மருத்துவச் செலவையும் கொடுத்த பின் அது நீதிமன்றத்திலேயே முடிந்தது. எனக்கு அந்த முடிவில் முழுத் திருப்தி இல்லை. ஆனால் அறை வாங்கியவர் அவர், முடிவு செய்யும் உரிமையும் அவருடையது.

நடைமுறைச் சட்டத் தொகுப்பின் இன்னொரு பிரிவும் இங்கே குறிப்பிடத்தக்கது. ஒருவர் அமைதிக்குப் பங்கம் விளைவிப்பார் என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றினால், அமைதி காப்பதாகப் பிணைமுறி எழுதித் தர ஏன் உத்தரவிடக் கூடாது என்று அவரிடம் விளக்கம் கேட்க 66ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. குற்றம் நடந்த பின் தண்டிப்பதற்கு முன்பே கைகொடுக்கக்கூடிய இந்த ஏற்பாடு நம் குடியிருப்புகளில் மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. அதற்கு மாறாக எங்கள் கூட்டத்தில் ஒருவர் “சொஸ்மாவில் தூக்க வேண்டும்” என்று முழங்கினார். 28 நாள் வரை தடுத்து வைக்க இடந்தரும் அந்த 2012ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுப் பாதுகாப்புக் குற்றங்களுக்கானது. கொட்டகையில் குடித்துவிட்டுக் கத்தும் பையன்கள் மேல் அதை ஏவக் கேட்பவர்கள், நாளை அது யார் வீட்டுப் பிள்ளை மேல் பாயும் என்று யோசிப்பதில்லை.

வசவுக்கு மட்டும் அன்று வழி மிகக் குறுகியது. 1955ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டம், 14ஆம் பிரிவு, அதிக அளவு அபராதம் 100 வெள்ளி. 2024 ஜூலையில் இணையத் தொல்லைக்கு ஆளாகி உயிரிழந்த ஈஷாவின் விவகாரத்தில் ஒருவருக்கு இதே பிரிவின் கீழ் 100 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டபோது நாடே கொதித்தது. அதன் பிறகே தண்டனைச் சட்டத் தொகுப்பில் 507பி முதலான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தன. துன்புறுத்தும் நோக்கத்தோடு மிரட்டும், இழிவுபடுத்தும் சொற்களைப் பயன்படுத்தினால் இப்போது மூன்று ஆண்டு வரை சிறை விதிக்க முடியும். எங்களுக்கு அது காலம் கடந்து வந்தது; இன்று புகார் கொடுப்பவர்கள் அந்தப் பிரிவைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இவ்வளவுக்கும் பிறகு, கொட்டகையை உண்மையில் காலியாக்கியது குற்றவியல் சட்டமே அன்று. காலையில் பொறுக்கிய புட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த 14ஆம் எண் அக்காதான் முதலில் கேட்டார்: “தம்பி, இந்தச் சின்னப் புட்டியெல்லாம் விற்கக் கூடாது என்று சொன்னார்களே?” அவர் சொன்னது சரி. கலப்பு மதுவை, அதாவது நாம் சம்சு என்று சொல்வதை, 700 மில்லிலிட்டருக்குக் குறைந்த புட்டியில் விற்க உணவு ஒழுங்குமுறை விதிகள் இடந்தருவதில்லை. 2017 டிசம்பர் 1 முதல் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்பதும் தடை செய்யப்பட்டுள்ளது. சட்டைப் பையில் அடங்கும் புட்டிகளைச் சில வெள்ளிக்கு விற்றதால்தான் கையில் காசில்லாத பையன்களும் அங்கே குடிக்க முடிந்தது. இந்த விதிகளை அமல்படுத்துவது சுகாதாரத் துறை. லேபல் தெரியும்படி எடுத்த படங்களோடு மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குக் கடிதம் போயிற்று. அதிகாரிகள் வந்து கடையைச் சோதித்தார்கள். மது விற்கும் உரிமம் கலால் சட்டத்தின் கீழ் வருவது என்பதால், கடைக்காரர் வாசலில் நாற்காலி போட்டுக் குடிக்க விடுகிறார் என்று உரிம வாரியத்துக்கும் எழுதினோம். உரிமத்தைப் புதுப்பிக்கும் கவலை வந்ததும் கடைக்காரர் தாமாகவே வயது கேட்டு விற்கத் தொடங்கினார். மாவட்ட மன்றத்துக்குச் சிஸ்பா புகார் அமைப்பின் வழியே எழுதியதில், சற்றுத் தாமதமாகத் திடலின் விளக்குகளும் எரிந்தன.

அக்காவை மிரட்டியவன் மேல் குற்றம் சாட்டப்பட்டது. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். கூட்டத்தில் இருந்த மற்றொருவன் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவன். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்படி அவன் விவகாரம் இரு ஆலோசகர்கள் உடன் அமர மூடிய அறையில் நடப்பது, அவன் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடவும் தடை உண்டு. ஆகவே அதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் அவன் முகம் தெரியும் சிசிடிவிப் படத்தைப் பரப்பியவர்களை உடனே நீக்கச் சொன்னேன். சிலர் என் மேல் இன்றும் கோபமாக இருக்கிறார்கள்.

அந்தச் சிறுவனின் தாய் எங்கள் வரிசையிலேயே குடியிருப்பவர். ஊரார் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ருக்குன் தெத்தாங்கா என்ற அண்டை அயலார் அமைப்பின் மூலம் சமூக நடுவர் ஒருவரை வரவழைத்தோம். தேசிய ஒற்றுமைத் துறையில் பயிற்சி பெற்ற இவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. அண்டை வீட்டாரின் சத்தம், குப்பை, வண்டி நிறுத்தம் போன்ற சச்சரவுகளைப் பேசித் தீர்க்க உதவுவார்கள். யாரையும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட சில வரிகள் எழுதப்பட்டன. பேச்சு ஓரளவு திரும்பியிருக்கிறது.

கூட்டத்தில் எஞ்சியவர்கள் ஆலைச் சாலைப் பக்கத்துத் தாமானின் திடலுக்கு இடம் மாறியதாக அங்குள்ளவர்கள் வந்து சொன்னார்கள். காவல் நிலையத்துக்கா, சுகாதார அலுவலகத்துக்கா, முதலில் எங்கே போவது என்று கேட்டார்கள். அங்கும் சின்னப் புட்டி விற்கும் கடை ஒன்று இருக்கிறது என்று அவர்கள் சொன்னதால், முதலில் சுகாதார அலுவலகத்துக்கே எழுதச் சொல்லி, செக்ரோல் கட்டத்தின் நகலையும் கொடுத்தனுப்பினேன்.